நாலாவது குருவி

போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போனபோது, சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஒரு குருவி விழுந்து கிடந்தது. ஓலைக் குருவி. தட்டுக்கு மேலே ஆணியில் தொங்குகிற காய்ந்த தோரணத்திலிருந்து கழன்று விழுந்திருக்கிறது. அதைக் கட்டி ஐந்து வருடமாகிறது. குருத்தோலையாக இருந்தபோது வெண்ணெய் நிறம், இப்போது பழைய துடைப்பத்தின் நிறம். தொட்டால் தூள் கொட்டுகிறது. வாரத்துக்கு ஒருமுறை தட்டைத் துடைக்கிறபோதெல்லாம் நான் மச்சானைத் திட்டுவேன். அன்றைக்கும் திட்டினேன். மற்ற மூன்று குருவியும் அவர் மடித்தபடி அசையாமல் இருக்கின்றன. விழுந்தது நாலாவது. அதுமட்டும் ஓலையோடு பிறந்த குருவி அல்ல, ஸ்டேப்ளரால் அடித்துப் பொருத்தியது. கம்பி துருப்பிடித்து விட்டுவிட்டது.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் தென்னங்குருத்தில் தோரணம் கட்டும்போது ஓலையை மடித்து மடித்துக் குருவி போல முடிச்சுகள் போடுவார்கள். நல்ல காரியத்துக்கு நாலு குருவி. செத்தவீட்டுக்கு மூன்று. தெருவால் போகிறவர் உள்ளே வராமலே, வாசல் படலையில் தொங்கும் தோரணத்தைப் பார்த்து அந்த வீட்டில் நடப்பது என்னவென்று அறிந்துகொள்வார். இவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு குருவியால் எனக்கு வந்த ஆத்திரமும், அந்த ஆத்திரத்தில் என் வாயால் வந்ததும் இன்றுவரை தீரவில்லை.

மச்சான் என்று நான் சொல்வது என் கணவரின் தமையனை. கலியாணம் கட்டாதவர். கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தையில், ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு கடலில் போய் முடிகிற ஒழுங்கையொன்றில், எங்கள் பழைய வீட்டின் பின்னறையில் முப்பது வருடத்துக்கு மேல் எங்களோடு இருந்தார். அங்கே வந்த நாளிலிருந்து அவர் எங்கள் ஒழுங்கையின் மரண உதவிச் சங்கத்துக்குச் செயலாளர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் உறுப்பினர்கள். பக்கத்துவீட்டுச் சிங்களப் பெரியவர்தான் தலைவர், அவரை எல்லாரும் மாத்தயா என்போம். சங்கத்துக்குச் சொந்தமாக, வந்தவர்கள் இருக்க ஐம்பது வெள்ளைக் கதிரைகள், மேலே கட்ட இரண்டு தரப்பாள், தேத்தண்ணிக்கு ஒரு பெரிய கேத்தில். யார் வீட்டில் யார் கண்ணை மூடினாலும், சொந்தக்காரருக்குச் செய்தி போவதற்கு முன்னால் மச்சான் போய்விடுவார். அவருக்கென்று ஒரு துணிப்பை இருந்தது. நூல்பந்து, சின்னக் கத்தி, மெழுகுதிரி, பேனை. தமிழ் வீடென்றால் தோரணமும் அவர்தான் கட்டுவார். முப்பது வருடம் அதுதான் அவருடைய தொண்டு.

இப்படிப்பட்ட மனிதரை ஊர் எப்படி நடத்தும் என்று சொல்லத் தேவையில்லை. சாவு விழுந்தால் ஓடிவந்து கூப்பிடுகிறவர்கள், பள்ளிக்கூடச் சோதனைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறபோது அவர் எதிரே வந்தால் ஒரு நிமிடம் நின்று, தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். மற்றவர்களை என்ன சொல்வது? நானே என்ன செய்தேன்? என் மகளைப் பெண் பார்க்க மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். மூன்று தரமும் அவர்கள் வருகிற நேரம் பார்த்து, "மச்சான், கொத்தமல்லி முடிஞ்சு போச்சு, ஒருக்கா மார்க்கெட்டுக்குப் போட்டு வாறியளே?" என்று அனுப்பிவைத்தேன். அவரும் பையைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாம் தரம் குசினியில் கொத்தமல்லி ஒரு கட்டு வாடிக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டும் போனார்.

அந்த மூன்றும் சரிவரவில்லை. ஒன்று சாதகம், ஒன்று வெளிநாடு, ஒன்று காரணமே சொல்லவில்லை. மகளுக்கு முப்பத்துநாலு வயது நடந்தது. நான் பிடிக்காத விரதமில்லை, சுற்றாத கோயிலில்லை. நாலாவதாக வந்ததுதான் ஹெவ்லொக் டவுன் சம்பந்தம். பையன் தங்கமானவன். தாய் மட்டும் சகுனம் பார்க்கிற மனுசி. நிச்சயம் பண்ண வருகிற வழியில் பூனை குறுக்கே போனதென்று வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போய், ஒரு கிழமை கழித்து வந்தவ. அந்த ஒரு கிழமை நான் எப்படி இருந்தேன் என்பது அந்தப் பிள்ளையாருக்குத்தான் தெரியும். ஆகவே எனக்கு இருந்த வேண்டுதல் ஒன்றே ஒன்று. தாலி ஏறும்வரை அந்த அம்மாவின் கண்ணில் எந்தக் குறையும் படக்கூடாது.

நோய்க்காலம் அப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருந்தது. மண்டபங்கள் அரைகுறையாகத் திறந்திருந்தன. ஐம்பது பேருக்கு மேல் கூட்டக்கூடாது. வீட்டின் பின்வளவில், கிணற்றுக்கும் மாமரத்துக்கும் இடையில் மணவறை வைத்துச் செய்வோம் என்று மகளே சொன்னாள். சரி என்றேன். சோடனைக்காரப் பொடியன் ஒருவனை வரச்சொல்லி, அவன் போனில் காட்டிய படங்களில் ஒன்றைத் தெரிவு செய்தும் வைத்தேன். ரோசாப்பூ வளையம், தங்க நிறத் தூண், எல்லாம் பிளாஸ்டிக்தான், ஆனால் பார்வைக்கு லட்சணம். அப்போதுதான் பின்னறைக் கதவு திறந்தது.

"பிளாஸ்டிக் பூவை வைச்சோ எங்கட பிள்ளையைக் கட்டிக் குடுக்கப் போறியள்?" என்றார் மச்சான். "ஒருத்தரும் வேண்டாம். எல்லாம் நான் கையால செய்வன்."

இவர், என் கணவர், தமையன் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டார். பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். மகளோ, "பெரியப்பா செய்யட்டும் அம்மா, அவர் ஆசைப்பட்டு ஒண்டும் கேட்டதில்லை" என்றாள். சோடனைக்காரப் பொடியன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் பட்டது கொஞ்சமல்ல. எங்கள் சாப்பாட்டு மேசை என் கண்ணிலிருந்து மறைந்துபோனது. அதன்மேல் கிறேப் பேப்பர், பசை, கம்பி, கத்திரிக்கோல். நாங்கள் சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு சாப்பிட்டோம். தாமரை செய்தார். அது மரக்கறிக் கடைக் கோவா மாதிரி இலை மூடிக் கிடந்தது. "கோவா நல்லாயிருக்கு மச்சான்" என்றேன். "பொறு பிள்ளை, விரியும்" என்றார். விரியவில்லை. தங்கக் கடதாசியில் மணமக்கள் பேரை வெட்டினார், மாப்பிள்ளையின் பேரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். என் நல்ல சேலையொன்றில் பசை. மிதிக்கிற இடமெல்லாம் கம்பித்துண்டு. சோற்றில்கூட ஒருநாள் சிவப்புக் கடதாசி கிடந்தது. கடையில் எல்லாம் இருக்க, காசைக் கொடுத்தால் ஒரு நாளில் முடிகிற வேலையை எதற்காக இந்த மனிதர் இப்படி இழுத்துப் பிடிக்கிறார் என்று எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

கதிரை விஷயம் அதைவிட மோசம். வாடகைக்கு எடுப்போம் என்றால் கேட்கவில்லை. சங்கத்துக் கதிரைகளைக் கொண்டுவந்து வளவில் அடுக்கினார். ஒவ்வொன்றின் முதுகிலும் கறுப்பு மையில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது: மரண உதவிச் சங்கம். கலியாண வீட்டுக்கு! நான் தலையில் கைவைத்தேன். "உறை போட்டால் ஆருக்குத் தெரியப்போகுது?" என்று வெள்ளைச் சீத்தைத் துணியில் தானே ஐம்பது உறை தைத்தார். "வெள்ளையோ?" என்று நான் கத்தியபிறகு, என் குசினியில் இருந்த மஞ்சள் முழுவதையும் கரைத்து அதில் முக்கினார். கடைகளில் மஞ்சள் கிடைக்காமல் ஆட்கள் அலைந்த காலம் அது. தங்கச்சி சேர்த்து அனுப்பிய ஒரு போத்தல் மஞ்சளை அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அதையும் கண்டுபிடித்தார். ஒரு மாதம் மஞ்சளில்லாமல் வெள்ளைப் பருப்புச் சாப்பிட்டோம்.

மாத்தயா தினமும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிப்பார், என்னை நோனா என்றுதான் கூப்பிடுவார். "நோனா ஏச வேணாம். செக்ரட்டரி ஐயாவுக்கு இதுதானே முதல் கலியாணம்!" என்பார். அவருக்குச் சிரிப்பு.

கலியாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் இரத்மலானையிலிருந்து யாரோ தெரிந்தவர் மூலம் குருத்தோலை வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணூறு படுமாம், ஒருத்தரும் பார்க்கக் கூடாதாம். தோரணத்திலாவது பிழைவிட மாட்டார், முப்பது வருடம் கட்டின கை என்று நான் நிம்மதியாகப் பலகாரத்தைப் பார்க்கப் போனேன்.

விடியற்காலை ஆறு மணியிருக்கும். குளித்து, சேலை கட்டி, நிறைகுடம் வைக்கப் பின்வளவுக்கு வந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், வாசலில் கால் வைத்தவுடன் ஒரு கணம் நின்றுவிட்டேன். வளவு அவ்வளவு அழகாக இருந்தது. மாமரத்தைச் சுற்றிக் கடதாசிப் பூ. கிணற்றுக்கட்டு முழுக்க அந்தக் கோவாத் தாமரைகள், தூரத்திலிருந்து பார்க்கத் தாமரை மாதிரியேதான் இருந்தன. தலைக்கு மேலே வரிசை வரிசையாகத் தோரணம், அறுபதுக்குக் குறையாது, கடற்காற்றில் ஒரே சரசரப்பு. மச்சான் புது வேட்டியோடு ஏணிக்குப் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்ததிலும் மூன்று. அதற்கடுத்ததிலும் மூன்று. அறுபதிலும் மூன்று.

"மச்சான்" என்றேன். "எத்தினை குருவி போட்டிருக்கிறியள்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாய்க்குள் எண்ணினார். இன்னொன்றைப் போய்ப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார். "கை தன்ர பாட்டில போட்டிட்டுது, பிள்ளை" என்றார்.

அந்த நேரம் எனக்கு அவர் முகம் தெரியவில்லை. பூனைக்கு வாகனத்தைத் திருப்பின அந்த அம்மாவின் முகம்தான் தெரிந்தது. "உங்களுக்குச் செத்தவீட்டை விட்டால் வேற என்ன தெரியும்?" என்று கத்தினேன். "உங்கட கை பட்டால் எல்லாம் செத்தவீடுதான்! இத்தினை வருசத்தில எனக்குக் கிடைச்ச ஒரு நல்ல நாள். அதையும் பாழாக்கிப் போட்டியள்!"

வளவில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது. மாத்தயாவுக்கும் கேட்டிருக்கும். மதிலுக்கு மேலால் தெரிந்த தலை மெல்லக் கீழே போனது. மச்சான் மூலையில் குவித்திருந்த ஓலைக் கழிவுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். துண்டுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகக் குருவி மடிக்கத் தொடங்கினார்.

அரைத் தலைப்பின்னலோடு, வீட்டு உடுப்போடு என் மகள் வெளியே வந்தாள். கையில் கந்தோர் ஸ்டேப்ளர். "அம்மா, அழுறதெண்டால் பிறகு அழுங்கோ. ஏணியைப் பிடியுங்கோ" என்றாள். மணப்பெண் ஏணியில் ஏறக்கூடாதென்று நான் அதற்கும் கத்தினேன். கடைசியில் இவரை ஏற்றினோம். மச்சான் மடித்துத் தர, நான் எடுத்துக் கொடுக்க, இவர் அடித்தார். மடிக்கிற வேகம் காணாதென்று நானும் மடிக்கப் பழகினேன். நாலாவது குருவி, நாலாவது குருவி, நாலாவது குருவி. ஐயர் வந்து இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு நின்றார். இப்படி ஒட்டுப்போட்டால் தோசமில்லையா என்று அவரிடம் கேட்டேன். "நாலு இருந்தால் சரி அம்மா. எப்ப போட்டது எண்டு பிள்ளையார் கேக்கமாட்டார்" என்று சொல்லிவிட்டு ஓமகுண்டத்துக்குச் செங்கல் அடுக்கப் போனார்.

எட்டு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அந்த அம்மா படலையைத் தாண்டி, தோரணங்களுக்குக் கீழால் நடந்து வந்தா. அவ அண்ணாந்து பார்க்கவேயில்லை. தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்த நிலத்தில் சேலைக்கரை பட்டுவிடும் என்று, வந்ததிலிருந்து கீழேயே பார்த்துக்கொண்டு நடந்தா. அறுபது தோரணத்தில் ஒன்றைக்கூட அவ பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பதா, போய்க் கிணற்றுக்குள் விழுவதா என்றிருந்தது.

நேரத்துக்குத் தாலி ஏறியது. எல்லாம் முடிந்து அந்த அம்மா கதிரையிலிருந்து எழும்பியபோது பார்த்தேன். இளநீலப் பட்டுச் சேலையின் முதுகு முழுக்க மஞ்சள். உறையின் சாயம், வியர்வைக்கு இறங்கி ஒட்டியிருக்கிறது. யாரோ ஒரு பிள்ளை, "அன்ரி, உங்கட சாறி..." என்று தொடங்கிவிட்டது. அந்த அம்மா முந்தானையை இழுத்துப் பார்த்தா. "மஞ்சள்தானே பிள்ளை" என்றா. "இந்தக் காலத்தில ஆர் இவ்வளவு மஞ்சள் பாவிக்கினம்? சம்பந்தி வீட்டில கைதாராளம்." அன்றைக்கு அவ மனம் நிறைந்து சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அதைக் கேட்க மச்சான் அங்கே இல்லை. வாழையிலை எடுத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

பின்னேரம், ஆட்கள் போன பிறகு, குசினி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தோரணம். "படலையில கட்டினது. இதொண்டு விடுபட்டுப் போச்சு பிள்ளை" என்றார். வந்தவர்கள் அத்தனை பேரும், மாப்பிள்ளையும், அந்த அம்மாவும், மூன்று குருவித் தோரணத்துக்குக் கீழாலேயே உள்ளே வந்திருக்கிறார்கள். அவர் அதைக் கழற்றி, நாலாவதை அடித்துக் கொண்டுவந்திருந்தார். "சாமியறையில ஒரு ஓரமாய்க் கொழுவி விடு" என்றார். அந்த நேரம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலையில் வாய் தவறிப்போச்சு மச்சான் என்றாவது சொல்லியிருக்கலாம். கை நிறையப் பாத்திரம், கால் உளைவு. "வையுங்கோ" என்று மட்டும் சொன்னேன். பாத்திரம் கழுவி முடித்தபோது தோரணம் ஆணியில் தொங்கியது.

அதற்குப் பிறகும் ஒழுங்கையில் சாவுகள் விழுந்தன. மச்சான் பையோடு போனார். ஆனால் தோரணம் கட்டுகிறபோது வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒண்டு, ரெண்டு, மூண்டு. ஒண்டு, ரெண்டு, மூண்டு. செத்தவீட்டில் இருந்தவர்கள் மனிதருக்கு வயதுபோய் மூளை தளம்புகிறது என்றார்கள். எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் எனக்கு முள் குத்தும், ஒவ்வொரு முறையும் பிறகு சொல்வோம் என்று விட்டேன். மகளும் மருமகனும் கல்கிசையில் குடும்பமாக நல்லாயிருக்கிறார்கள், ஒரு பேத்தியும் பிறந்துவிட்டாள். படலையில் தொங்கிய மூன்று குருவி ஒருவரையும் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாத ஒரு பொருளுக்காகத்தான் நான் அந்த மனிதரை அப்படிக் கேட்டேன்.

போன வருடம் மச்சான் போனார். நித்திரையிலேயே. வீட்டை அதற்கு முன்பே மாடிக்கட்டடம் கட்டக் கொடுத்துவிட்டு நாங்கள் தொடர்மாடிக்கு வந்திருந்தோம். வளவில்லாத வீட்டில் எங்கே கிடத்துவது? காசு கட்டிப் பிரேதம் வைக்கிற மலர்ச்சாலையில்தான் வைத்தோம். அங்கே தோரணம் கட்ட ஆளில்லை, வெள்ளைத் துணி கட்டுவோம் என்றார்கள். முப்பது வருடம் ஊருக்கெல்லாம் கட்டினவருக்குத் தோரணமில்லையா என்று எனக்குப் பொறுக்கவில்லை. மாத்தயா தள்ளாத வயதில் எங்கேயோ அலைந்து குருத்தோலை கொண்டுவந்தார். மச்சானுடைய துணிப்பையைத் திறந்து, அந்தக் கத்தியையே எடுத்து, மலர்ச்சாலை முன்றிலில் குந்தி நான் கட்டினேன். ஐந்தாறு கட்டி, முதலாவதை மாத்தயாவிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

நாலு குருவி. எல்லாவற்றிலும் நாலு.

எனக்குப் பழக்கமானது அந்த ஒரு காலைதான். அன்றைக்கு மடித்ததெல்லாம் நாலாவது குருவி. அதை விட வேறு ஒன்றும் என் கைக்குத் தெரியவில்லை. கை தன்பாட்டில் போட்டுவிட்டது. அதை இழைத்தது நான்தான் என்று என் கண் நம்பவில்லை. பெட்டிக்குள் கிடந்த மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அழுகையைவிட முதலில் வந்தது கோபம்தான். இதைக் காட்டித் தரவோ இத்தனை அவசரமாகப் போனீர்கள் என்று. பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்துப்போட்டுவிட்டுப் புது ஓலை எடுத்தேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று வாய்விட்டு எண்ணி எண்ணிக் கட்டினேன். யார் என்ன நினைத்தார்களோ தெரியாது.

வீடு மாறியபோது கூடவே கொண்டுவந்த அந்தக் கலியாணத் தோரணத்தை எறியச் சொல்லி மகள் எப்போதும் சொல்வாள். "அம்மா, தூள் கொட்டுது, கரப்பான் வரும்." வரும்தான். கூட்டித் துடைக்கிறவள் நான். போன வெள்ளிக்கிழமை விழுந்த குருவியைக் கையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் ஸ்டேப்ளர் தேடினேன். இவர், "இந்த நேரத்தில அதென்னத்துக்கு?" என்றார். விளக்கு ஒரு பக்கம் காத்துக்கொண்டிருக்க, முக்காலியில் ஏறி, ஓலை நொறுங்கிவிடாமல் மெதுவாகப் பிடித்து அடித்தேன். முதல் தரம் கம்பி வளைந்தது. இரண்டாம் தரம் என் விரலில் குத்தியது. "கடையில வாங்கியிருந்தால் இந்தக் கரைச்சல் எனக்கு வந்திருக்குமே, மச்சான்?" என்று உரத்தே கேட்டேன். மூன்றாம் தரம் பிடித்தது.

இறங்கி நின்று அண்ணாந்து பார்த்து எண்ணினேன். பிறகு, ஐந்து வருடமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டு விளக்கை ஏற்றினேன்.